சீன ஒயின் சந்தை: விற்ற பாட்டில் வேறு, குடித்த பாட்டில் வேறு

2014 ஜனவரியில் உலகப் பத்திரிகைகள் பலவற்றில் ஒரே செய்தி வந்தது. முந்தைய ஆண்டில் சீனாவிலும் ஹாங்காங்கிலுமாக 186 கோடி பாட்டில் சிவப்பு ஒயின் செலவாகியிருந்தது. பிரான்ஸையும் இத்தாலியையும் பின்னுக்குத் தள்ளி, சிவப்பு ஒயினில் சீனா முதலிடம் பிடித்துவிட்டது. ஐந்தே ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேல் வளர்ச்சி. அந்த எண்ணை நம்பித் திராட்சை நட்டவர்களும் கிடங்கு கட்டியவர்களும் பல நாடுகளில் இருந்தார்கள்.

பிறகு நடந்ததைச் சர்வதேசத் திராட்சை, ஒயின் அமைப்பின் கணக்கு சொல்கிறது. 2017இல் சுமார் 190 கோடி லிட்டராக இருந்த சீனாவின் ஒயின் நுகர்வு 2024இல் சுமார் 55 கோடி லிட்டர். ஏழு ஆண்டுகளில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் கரைந்துபோயிருக்கிறது. கொரோனா காலமும் பொருளாதார மந்தமும் இதற்குக் காரணங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் சந்தை ஏறிக்கொண்டிருந்தபோதே அதைப் பலரும் தவறாகப் படித்தார்கள் என்பது என் உறுதியான எண்ணம். இன்றும் இந்தச் சந்தையைப் பற்றி எழுதுகிறவர்களும் அதில் பணம் போட நினைக்கிறவர்களும் அதே தவறுகளைச் செய்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் தாய்த் தவறு, 'நுகர்வு' என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வது. ஒரு நாட்டில் யார் எவ்வளவு குடித்தார்கள் என்று யாரும் வீடு வீடாகப் போய் அளப்பதில்லை. உள்நாட்டு உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்தால் மிஞ்சுவதுதான் பெரும்பாலும் நுகர்வு என்று அச்சாகிறது. இறக்குமதியாளரின் கிடங்கில் தூசி படிந்து கிடக்கும் பெட்டியும், பரிசாக வந்து அலமாரியில் நிற்கும் பாட்டிலும், நான்கு கை மாறி ஐந்தாவது கைக்குப் போய்க்கொண்டிருக்கும் பாட்டிலும் அந்தக் கணக்கில் குடித்து முடித்தவையே. சீனாவில் இப்படிப்பட்ட பாட்டில்கள் மிக அதிகம். ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, லஃபீட்டின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

பிரான்ஸின் போர்டோ பகுதியில் விளையும் ஷாத்தோ லஃபீட் ஒயினுக்குச் சீன மொழியில் லா ஃபெய் என்று பெயர். சொல்ல எளிது, மறக்காது. 2008 பிப்ரவரியில் ஹாங்காங் ஒயின் மீதான வரியை முழுவதும் நீக்கியது. அதன்பின் ஏலங்கள் அங்கே குவிந்தன. லஃபீட்டின் விலை ஏணி வைத்து ஏறியது. 2010 அக்டோபரில் அந்த நிறுவனம் ஓர் அறிவிப்பு செய்தது: 2008ஆம் ஆண்டு ஒயினின் பாட்டிலில், தோள்பட்டைக்கு அருகே, எட்டு என்பதைக் குறிக்கும் சீன எழுத்து இருக்கும். இரண்டே கோடுகள், கூரையின் இரு சரிவுகளைப் போல விரியும் எழுத்து. எட்டு என்பது சீனர்களுக்குச் செல்வத்தின் எண். அந்த அறிவிப்பு வந்தவுடன் விலை தாவியது. உள்ளே இருந்த ஒயின் முந்தைய நாள் இருந்த அதே ஒயின்தான்!

அந்தப் பாட்டிலை வாங்கியவர் பெரும்பாலும் குடிக்க வாங்கவில்லை. அதிகாரி ஒருவருக்குக் கொடுக்கவோ, ஒப்பந்தம் கையெழுத்தாகும் விருந்தில் மேசை நடுவில் வைக்கவோ வாங்கினார். கொடுப்பவரின் மதிப்பும் பெறுபவரின் மதிப்பும் அதன் விலையில் இருந்தன. அதனால்தான் காலி லஃபீட் பாட்டிலுக்கும் விலை கிடைத்தது. அதில் வேறு ஒயினை ஊற்றி மறுபடி விற்கும் மோசடிக்காரர்கள் இருந்தார்கள்.

2012 டிசம்பரில் ஷி ஜின்பிங் தலைமை, அதிகாரிகளின் ஆடம்பரத்தைக் கட்டுப்படுத்தும் எட்டு அம்ச விதிகளைக் கொண்டுவந்தது. அரசு விருந்துகள் சுருங்கின. விலையுயர்ந்த பரிசுகள் கைமாறுவது ஆபத்தாயிற்று. 2025 மே மாதம் விதிகள் இன்னும் இறுகி, அரசுப் பணி விருந்துகளில் மதுவே கூடாது என்றாகிவிட்டது. ஒரு நாட்டின் நாக்குச் சுவை ஒரு சுற்றறிக்கையால் மாறிவிடாது. மாறியது பரிசுக்கும் விருந்துக்குமான தேவை. அதைத்தான் பலர் 'வளர்ந்துவரும் நடுத்தர வர்க்கத்தின் ஒயின் ரசனை' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

140 கோடிப் பேரைக் காட்டிப் போடும் பெருக்கல் கணக்கும் இதன் உடன்பிறப்பு. ஆளுக்கு ஒரு பாட்டில் என்றாலும் எவ்வளவு தெரியுமா என்று தொடங்குவார்கள். உச்சத்தில் இருந்தபோதே தலைக்கு ஆண்டுக்கு ஒன்றரை லிட்டரைத் தொடவில்லை. பிரான்ஸில் வயது வந்த ஒருவருக்கு நாற்பது லிட்டருக்கு மேல். இந்த இடைவெளியைக் காட்டி, அது நிரம்பியே தீரும் என்று சொல்வது வியாபாரிகளின் வழக்கம். நிரம்ப வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அந்த மேசையில் பைஜியு என்ற தானியச் சாராயம் காலங்காலமாக உட்கார்ந்திருக்கிறது, பீரும் இருக்கிறது.

சீனாவுக்கு ஒயின் நேற்று வந்தது என்று நினைப்பதும் தவறு. ஹான் பேரரசின் காலத்திலேயே மத்திய ஆசியாவிலிருந்து திராட்சை அங்கே போய்விட்டது. டாங் காலக் கவிதைகளில் திராட்சை மது வருகிறது. நவீனத் தொழிலைத் தொடங்கியவரின் வீடோ நம்மவர்கள் பலர் நடந்துபோன தெருவில் இருக்கிறது. பினாங்கு ஜார்ஜ்டவுனில், லீத் தெருவில் நிற்கும் அந்த நீல மாளிகையின் சொந்தக்காரர் சியோங் ஃபாட் சீ. ஜாங் பீஷி என்றும் அவரை அழைப்பார்கள். தென்கிழக்காசியாவில் பெரும் பணம் சேர்த்த அவர், 1892இல் ஷாண்டோங் மாநிலத்தின் யான்தாய் நகரில் சாங்யு ஒயின் ஆலையை நிறுவினார். 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் அந்த ஆலை பதக்கங்கள் வாங்கியது. இன்றும் அது இயங்குகிறது. இறக்குமதி ஒயின்களை மட்டும் பார்த்துவிட்டுச் சீனச் சந்தையைப் பேசுகிறவர்கள், அதற்குள்ளேயே இருக்கும் இந்தப் பழைய போட்டியாளரைக் கணக்கில் எடுப்பதில்லை.

பெயர் விஷயத்தில் செய்யும் தவறுக்குக் காசு கொடுத்தாக வேண்டும். சீனாவில் வர்த்தக முத்திரை, முதலில் பயன்படுத்தியவருக்கு உரியதாவதில்லை. பெரும்பாலும் முதலில் பதிவு செய்தவருக்கே சொந்தம். பிரான்ஸின் பெரிய ஒயின் நிறுவனமான காஸ்டெல், தன் பெயரின் சீன வடிவத்தை வேறொருவர் முன்பே பதிவு செய்திருந்ததால் ஆண்டுக்கணக்கில் வழக்காடி, கடைசியில் சீனப் பெயரை மாற்றிக்கொண்டது. ஆஸ்திரேலியாவின் பென்ஃபோல்ட்ஸுக்கு அங்கே பென் ஃபூ என்று பெயர். செல்வத்தை நோக்கி ஓடுவது என்று பொருள் தொனிக்கும். அதைவிட நல்ல விளம்பரத்தை எவரும் எழுதித் தர முடியாது. அந்தப் பெயருக்காகவும் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. சரக்கு கப்பலில் ஏறுவதற்கு முன் சீன எழுத்தில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும்.

சுவையை விளக்குவதில் இன்னொரு பிழை. பாட்டிலின் பின்புறம் 'பிளாக்கரண்ட் மணம்' என்று எழுதினால், அந்தப் பழத்தைப் பார்த்தே இராத ஒருவருக்கு அது என்ன சொல்லும்? உலர்ந்த சீன இலந்தை, லிச்சி என்றால் உடனே மூக்குக்குத் தெரியும். ஹாங்காங்கில் வாழும் ஜீனி சோ லீ, ஆசியர்களில் முதன்முதலில் ஒயின் நிபுணர்களுக்கான 'மாஸ்டர் ஆஃப் ஒயின்' பட்டம் பெற்றவர். ஆசிய நாக்குக்கு ஆசியச் சொற்களால்தான் ஒயினை விளக்க வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிவருகிறார். உணவு முறையும் வேறு. ஒரு உணவுக்கு ஒரு ஒயின் என்ற ஐரோப்பிய வரிசை, எட்டுப் பத்துப் பதார்த்தங்கள் ஒரே நேரத்தில் சுழலும் வட்ட மேசையில் செல்லாது. அங்கே ஒருவர் கோப்பையைத் தூக்கி 'கான்பெய்' என்கிறார். கோப்பையை வற்றவை என்று பொருள். இளையவர் தன் கோப்பையின் விளிம்பைப் பெரியவரின் விளிம்புக்குக் கீழே பிடித்து மோதுகிறார். மணத்தை முகர்ந்து பார்க்க அந்த நேரத்தில் இடமில்லை. மரியாதை காட்டுவதுதான் அந்த நொடியின் வேலை. இதைப் பார்த்து 'ஒயினைக் குடிக்கத் தெரியாதவர்கள்' என்று ஏளனம் செய்த வெளிநாட்டு எழுத்துகளைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வரும். விருந்து மேசையின் வழக்கத்தை அறியாமல் அந்த மேசையில் விற்க வந்தவரிடமே குறை இருக்கிறது.

சீன ஒயின் என்றாலே மலிவுச் சரக்கு என்ற எண்ணமும் போக வேண்டும். வடமேற்கில், ஹெலான் மலையின் கிழக்கு அடிவாரத்தில் நிங்சியா என்ற ஒயின் பகுதி இருக்கிறது. ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டர்தான். மஞ்சள் ஆற்றுப் பாசனம் இல்லாமல் அங்கே கொடி நிற்காது. குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருபது டிகிரிக்கும் போகும். அதனால் ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தின் முடிவில் கொடிகளைக் கத்தரித்து, கம்பியிலிருந்து அவிழ்த்து, தரையோடு வளைத்து, மேலே மண்ணை மூடுகிறார்கள். வளைக்க வசதியாக நடும்போதே சாய்த்து நடுகிறார்கள். ஏப்ரலில் மறுபடி மண்ணை விலக்கி, மொட்டு முறியாமல் கையால் தூக்கிக் கட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் சில கொடிகள் ஒடிந்துபோகும். கூலி ஏறிக்கொண்டே இருக்கிறது. இந்த உழைப்பில் விளைந்த ஜியா பேய் லான் என்ற ஒயினின் 2009ஆம் ஆண்டுப் பாட்டில், 2011இல் லண்டனின் டிகாண்டர் போட்டியில் உலகளாவிய உயர் விருதை வென்றது. இது மலிவாக இருக்க வழியே இல்லை.

கடைசியாக, எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைத்தவர்களின் கதை. தடையற்ற வணிக ஒப்பந்தத்தால் 2019 ஜனவரி முதல் ஆஸ்திரேலிய ஒயினுக்குச் சீனாவில் இறக்குமதி வரி இல்லை. ஆண்டுக்கு நூறு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் சரக்குப் போயிற்று. 2020இல் கொரோனாவின் தோற்றம் குறித்துச் சர்வதேச விசாரணை வேண்டும் என்று ஆஸ்திரேலியா கேட்டதும் உறவு கெட்டது. ஆண்டு முடிவதற்குள் தற்காலிக வரி. 2021 மார்ச்சில் அது 116 முதல் 218 விழுக்காடு வரையான பொருள்குவிப்புத் தடுப்பு வரியாக (வெளிநாட்டுச் சரக்கு மிக மலிவாக வந்து குவிவதைத் தடுப்பதற்கான வரி) உறுதியானது. ஏற்றுமதி ஏறக்குறைய நின்றேபோயிற்று. சிவப்புத் திராட்சைக்கு விலை இல்லாமல், தலைமுறையாகப் பயிரிட்ட குடும்பங்கள் கொடிகளைப் பிடுங்க வேண்டிய நிலை வந்தது.

2024 மார்ச் இறுதியில் வரி நீங்கியது. கப்பல்கள் மறுபடி புறப்பட்டன, ஏற்றுமதி எண்கள் துள்ளின, வசந்தம் திரும்பிவிட்டதாகத் தலைப்புகள் வந்தன. முதலில் போன அந்தச் சரக்கில் பெரும்பகுதி, மூன்றாண்டுகளாகக் காலியாக இருந்த கிடங்குகளையும் கடைத் தட்டுகளையும் நிரப்பப் போனது. ஏற்றுமதிக் கணக்கில் அது முழுவதும் விற்பனை. அதில் எத்தனை பாட்டிலின் தக்கை திறக்கப்பட்டது என்பது, அதே வாடிக்கையாளர் அடுத்த ஆண்டும் அதே அளவுக்கு ஆர்டர் கொடுக்கிறாரா என்பதில்தான் தெரியவரும்.