ரப்பர் மவுண்ட் போட்டும் அதிர்வு குறையவில்லையா?

சின்ன ரேஸ் காரில் அதிர்வு தாங்க முடியவில்லை என்றதும் எல்லோரும் தேடுவது ரப்பர் மவுண்ட், அதாவது எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் (காரின் அடிச்சட்டம்) நடுவே வைக்கும் ரப்பர் தாங்கி. நல்ல வழிதான். ஆனால் விரலால் அழுத்திப் பார்த்து ரப்பரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதிர்வு கூடிக்கூடப் போகலாம்.

ரப்பர்மேல் உட்கார்ந்த எஞ்சினுக்கு ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு, அதாவது தட்டிவிட்டால் நொடிக்கு எத்தனை முறை தானாக ஆடும் என்ற கணக்கு. எஞ்சின் ஓடும்போது வரும் அதிர்வெண் அதைப்போல 1.41 மடங்கைத் தாண்டினால்தான் ரப்பர் தடுக்கத் தொடங்கும். அதற்குக் கீழே அதிர்வைப் பெருக்கும். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் 1,500 ஆர்பிஎம்மில் ஐட்லிங் ஓடினால் 25 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 25 முறை. அப்படியானால் இயல்பு அதிர்வெண் 17-ஐத் தாண்டக் கூடாது. எஞ்சின் எடையில் ரப்பர் 1 மி.மீ. அமுங்கினால் கணக்குப்படி சுமார் 16 வரும். ஆடும்போது ரப்பர் இன்னும் விறைப்பாக நடந்துகொள்ளும் என்பதால் கொஞ்சம் கூடவே அமுங்கட்டும்.

சரி, மெத்தென்று போட்டாயிற்று. அடுத்த சிக்கல், எஞ்சினிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) ஓடும் செயின். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் செயின் எஞ்சினைப் பின்னால் இழுக்கும், கீழ்ப்பக்கம் தொய்யும், ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) நேர்கோடு தப்பும். டிஃபரன்ஷியல் சேஸிஸோடு இறுகியிருக்க, எஞ்சின் மட்டும் ரப்பரில் இருப்பதால் வரும் வினை இது. இரண்டையும் ஒரே துணைச் சட்டத்தில் பொருத்தி, அந்தச் சட்டத்துக்கு ரப்பர் போடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

ரப்பர் மின்சாரத்தையும் கடத்தாது. எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குத் தடித்த எர்த் வயர் போட மறந்தால், ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சூடேறி, உறை உருகிப் புகையும். இதை யாரும் முன்கூட்டியே சொல்லித் தருவதில்லை.

சைலென்சரை சேஸிஸில் இறுக்கிக் கட்டினாலும் போட்ட ரப்பர் வீண். அதிர்வு அந்தப் பிராக்கெட் வழியாகவே இறங்கிவிடும், கொஞ்ச நாளில் வெல்டிங்கும் விரியும். நாலு மவுண்டில் ஒன்றை மட்டும் இரும்போடு இரும்பாக விட்டாலும் இதே கதைதான்.

அப்புறம், போல்ட்டை ரப்பர் பிதுங்கும்வரை முறுக்காதீர்கள். நடுவில் ஸ்டீல் ஸ்லீவ் இருந்தால் இறுக்கம் அதன்மேல் விழும். எண்ணெய் சொட்டும் இடத்தில் இயற்கை ரப்பர் ஊதிப்போகும், எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் போடுங்கள்.

கடைசியாக, ரப்பர் கிழிந்தாலும் எஞ்சின் கழன்று விழாதபடி போல்ட் மவுண்டின் ஊடே முழுதாக ஓடி, மறுபுறம் ரப்பரைவிட அகலமான வாஷர் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் மவுண்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புத் தூள் தெரிந்தால் ரப்பர் தேய்கிறது, அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.