டர்பனிலிருந்து ஒலிம்பிக் வில்வித்தைக் களத்துக்கு: இடம் பெறும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் பிள்ளைகளை வில் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, எத்தனை புள்ளி எடுத்தால் ஒலிம்பிக்குக்குப் போகலாம் என்பதுதான். புள்ளி தேவைதான், ஆனால் அதற்கு முன் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வில்வித்தையில் கோட்டா என்னும் இடம் பொதுவாக நாட்டின் ஒலிம்பிக் குழுவுக்கே சொந்தமாகிறது, அதை வென்று கொடுத்த வீரருக்கு அல்ல. ஆகையால் நாட்டுக்கு ஓர் இடம் கிடைக்கச் செய்வது ஒரு வேலை, அந்த இடத்தில் நிற்கத் தேர்ந்தெடுக்கப்படுவது வேறொரு வேலை. இரண்டுக்கும் தனித்தனியாகத் தயாராக வேண்டும்.

முதலில் வில்லைப் பாருங்கள். வேட்டைப் பழக்கம் உள்ள நம் நாட்டில், முனைகளில் சக்கரங்கள் பொருத்திய காம்பவுண்ட் வில் எளிதில் கண்ணில் படும், ஆகவே பலர் அதிலேயே தொடங்கிவிடுகிறார்கள். ஒலிம்பிக்கின் தனிநபர், அணிப் போட்டிகள், முனைகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வ் வில்லுக்கு உரியவை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியில் காம்பவுண்டுக்குக் கலப்பு அணிப் பிரிவு ஒன்று மட்டும் சேர்க்கப்பட்டுள்ளது. பிள்ளைக்குப் பதினைந்து வயதாகும்போது வில்லை மாற்றுவதைவிட, தொடக்கத்திலேயே ரிகர்வைக் கையில் கொடுப்பது நல்லது என்பது என் கருத்து.

இனி இடத்தின் கதை. பாரிஸ் 2024இல் ஆண்கள் 64 பேர், பெண்கள் 64 பேர் வில்லெய்தனர். அணியாகத் தகுதி பெறும் நாடு ஒரு பிரிவில் மூவரை அனுப்பலாம். அணி இல்லாத நாட்டுக்கு அந்தப் பிரிவில் ஒரே ஒருவர்தான். போட்டிக்கு முந்தைய ஆண்டின் உலகச் சாம்பியன்ஷிப்பில் முதல் இடங்கள் வழங்கப்படுகின்றன (பாரிஸுக்கு அது 2023இல் பெர்லினில் நடந்தது). அடுத்து கண்டவாரியான தகுதிப் போட்டிகள் வருகின்றன. ஆப்பிரிக்காவுக்கான போட்டி 2023 நவம்பரில் துனிசியாவின் நாபெலில் நடந்தது. கடைசி வாய்ப்பாக உலக இறுதித் தகுதிப் போட்டி 2024 ஜூனில் துருக்கியின் அந்தால்யாவில் நடந்தது. மீதமிருந்த அணி இடங்கள் உலகத் தரவரிசைப்படி நிரப்பப்பட்டன. தென்னாப்பிரிக்க வில்வீரருக்கு இவற்றுள் எட்டும் கதவு ஆப்பிரிக்கப் போட்டிதான், ஏனெனில் கொரியர்களோடும் துருக்கியர்களோடும் மோதாமல் இடம் பிடிக்கும் வழி அது ஒன்றே. நம் வில்வீரர்களில் லண்டன் 2012இல் கேரன் ஹல்ட்சரும் பாரிஸில் வியான் ரூவும் தனிநபர் போட்டியில்தான் களமிறங்கினார்கள். சிறிய குழுக்களை அனுப்பும் நாடுகளுக்கென ஒதுக்கப்படும் சிறப்பு இடங்களை நாம் எதிர்பார்க்க முடியாது. அதற்கு நம் நாடு அனுப்பும் வீரர் குழு மிகப் பெரியது.

அடுத்தது குறைந்தபட்சத் தகுதிப் புள்ளி. நாட்டுக்கு இடம் கிடைத்தாலும், இந்தப் புள்ளியை எடுக்காத வீரரை அனுப்ப முடியாது. டோக்கியோவுக்கு அது ஆண்களுக்கு 640, பெண்களுக்கு 605 என இருந்தது. ஒவ்வொரு ஒலிம்பிக்குக்கும் எண் மாறக்கூடும் என்பதால் புதிய விதித்தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். 70 மீட்டர் தொலைவில், 122 சென்டிமீட்டர் அகல இலக்கில், 72 அம்புகள் எய்து இதை எடுக்க வேண்டும். முழுப் புள்ளி 720. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12.2 சென்டிமீட்டர்தான். ஆறு ஆறாகப் பன்னிரண்டு முறை எய்யும்போது, ஒரு முறைக்கு 10, 9, 9, 8, 8, 7 என்று 51 வந்தால் மொத்தம் 612. ஒரு முறை கை தவறி ஓர் அம்பு இலக்குக்கு வெளியே போனால் எத்தனை புள்ளி போகிறது என்பதைப் பிள்ளையே எழுதிப் பார்க்கட்டும்; பதற்றத்தின் விலை அப்போது அதற்குப் புரியும்.

இந்தப் புள்ளியை எங்கே, எப்போது எடுத்தோம் என்பதும் முக்கியம். உலக வில்வித்தைக் கூட்டமைப்பு ஏற்றுப் பதிவு செய்த போட்டியில், குறிப்பிட்ட கால எல்லைக்குள் எடுத்ததே செல்லும். என் அண்ணன் மகள் ஒரு மைதானத்தில் 612 எடுத்து வீட்டில் பாயசம் வைத்த மறுநாள்தான், அந்தப் போட்டி பதிவாகவே இல்லை என்று தெரிந்தது. நடத்தியவர்கள் முன்பே சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நுழைவுக் கட்டணம் கட்டும் முன்பே, இந்தப் போட்டியின் புள்ளி தகுதிக்குச் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போட்டி முடிந்ததும் புள்ளித்தாளின் கூட்டலைச் சரிபார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். கோட்டைத் தொட்டு நிற்கும் அம்புக்கு உயர்ந்த புள்ளிதான் உரியது, ஆனால் அதை அம்பைப் பிடுங்கும் முன்பே கேட்க வேண்டும்.

டர்பன்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைவு என்பதால் அம்பு வேகத்தை மெதுவாக இழக்கும்; வில்லில் உள்ள குறிபார்க்கும் கருவியை டர்பனில் வைத்த அளவிலேயே விட்டால் அம்பு சற்று மேலே போய் விழும். அங்கே சரிசெய்த அளவோடு கடற்கரைக்குத் திரும்பினால் அம்பு கீழே விழும். எனவே இரு ஊர்களுக்கும் அந்த அளவைத் தனித்தனியாகக் குறித்து வைத்துக்கொண்டு, போட்டிக்கு முந்தைய நாளாவது போய்ச் சேருங்கள். ஈஸ்டர் விடுமுறையில் போட்டி விழுந்தால் மவுண்ட் எட்ஜ்கூம் மாரியம்மன் கோயிலா மைதானமா என்ற சண்டை வீட்டில் வரும். அதை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்வது மேல்.

கடைசிக் கதவு தேர்வு. உலகக் கூட்டமைப்பில் உறுப்பாக உள்ள தேசிய வில்வித்தைச் சங்கத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டும். தென்னாப்பிரிக்கக் குடியுரிமையும் வேண்டும். சங்கம் பரிந்துரைக்கும், இறுதி முடிவை நாட்டின் ஒலிம்பிக் குழு எடுக்கும். 2016 ரியோவுக்கு ஆப்பிரிக்கத் தகுதி பெற்ற நம் ஹாக்கி அணிகளை, அந்தத் தகுதி போதாது என்று ஒலிம்பிக் குழு அனுப்பவில்லை. நாட்டுக்குக் கிடைத்த இடத்தை வேண்டாம் என்று விடும் அதிகாரம் அதற்கு உண்டு. ஆகவே சங்கத்தின் தேர்வு விதி எந்தெந்தப் போட்டிகளைக் கணக்கில் எடுக்கிறது, எத்தனை புள்ளிகளின் சராசரியைப் பார்க்கிறது, முடிவு எந்தத் தேதியில் வரும் என்பவற்றை ஒலிம்பிக்குக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டு வாங்கி, பயணச் செலவையும் அந்தத் தேதிகளோடு சேர்த்தே திட்டமிடுங்கள்.