காணிக்கை யார் கணக்கில் போகிறது? கொடுப்பதிலும் ஊழியத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சபைக் கன்வென்ஷன் கூட்டங்களின் கடைசி இரவு. "கர்த்தருக்காக 10,000 கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றார்கள். உயர்த்திவிட்டேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கண்ணில் தண்ணீர், பக்கத்து நாற்காலிக்காரர் எனக்கு முந்தியே கையைத் தூக்கியிருந்தார். அப்போது என் சம்பளம் 14,000. பொருத்தனையை நிறைவேற்றியது என் சம்பளம் அல்ல, என் மனைவி மாதம் 500 கட்டி எடுத்த சீட்டுப் பணம். மகளின் பள்ளிக்கூட ஃபீஸுக்கென்று எடுத்தது. ஜூனில் ஃபீஸ் பாக்கி என்று டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்கள். அதில் கையெழுத்துப் போட்டு, டீச்சரிடம் போய் ஒரு மாதம் தவணை கேட்டுவிட்டு வந்தவள் அவள்தான். அடுத்த ஞாயிறு ஆலயத்தில், "தியாகமாய்க் கொடுக்கக் கர்த்தர் கிருபை தந்தார்" என்று சாட்சி சொன்னவன் நான்.

அதற்கப்புறம் சில வருஷம் சபைக் கமிட்டியில் இருந்தேன். ஆராதனை முடிந்து, ஆலயத்தை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் காணிக்கைப் பையைக் கவிழ்த்து எண்ணும் வேலை. கவரையும் சில்லறையையும் எண்ணி எண்ணி ஒன்று புரிந்தது. காணிக்கையில் நாம் செய்யும் தவறுகள் பெரும்பாலும் தொகையில் இல்லை. நான் கொடுத்ததாகச் சொல்லும் தியாகத்துக்கு உண்மையில் விலை கட்டினவர் யார் என்பதில்தான் இருக்கிறது.

தாவீது ராஜா இதில் கறாரான ஆள். 2 சாமுவேல் 24-ல் பலிபீடம் கட்ட அர்வனாவின் போரடிக்கிற களத்துக்குப் போகிறான். அர்வனா நல்ல மனுஷன். களம், மாடு, விறகுக்கு உருளைக்கட்டை எல்லாவற்றையும் சும்மா எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். தாவீது மாட்டேன் என்கிறான். இலவசமாய் வாங்கி என் தேவனுக்குப் பலி செலுத்தமாட்டேன் என்று 50 சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுத்து வாங்குகிறான். அடுத்தவன் மாட்டை அடித்து என் பலி என்று சொல்லக்கூடாது, அவ்வளவுதான். நான் என் மனைவியின் மாட்டை அடித்திருந்தேன்.

வீட்டாரின் பங்கை எடுத்துக் கொடுப்பது

இதற்கு வேதத்திலேயே ஒரு பெயர் உண்டு: கொர்பான். மாற்கு 7-ல் இயேசு சொல்வது. அப்பா அம்மாவுக்குச் செய்யவேண்டியதை, "இது தேவனுக்கென்று காணிக்கையாகக் கொடுத்தாயிற்று" என்று சொல்லிக் கையை விரித்துவிடலாம் என்று ஒரு பாரம்பரியம் இருந்தது. அப்படிச் செய்து தேவனுடைய கட்டளையையே அவமாக்குகிறீர்கள் என்றார். பவுல் இன்னும் காட்டமாக எழுதுகிறார். தன் வீட்டாரை விசாரியாதவன் "அவிசுவாசியிலும் கெட்டவன்" (1 தீமோத்தேயு 5:8).

நம் ஊர்க் கொர்பான் எப்படி இருக்கும் என்றால்: அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டு ஆலய மணிக்கூண்டுக்குக் கொடுப்பது. கடன் வாங்கின ஆள் வாசலில் நிற்கும்போது கவரில் ஆயிரம் வைப்பது. கடையில் வேலை பார்க்கும் பையனுக்குப் போனஸ் கொடுக்காமல், ஆலயத்தில் எல்லோருக்கும் போடும் அசன விருந்துக்கு அரிசி மூட்டை இறக்குவது. கடைசியில் சொன்னது கொஞ்சம் வலிக்கும். அசனச் சோறு அவ்வளவு ருசி, கேட்க மனசு வராது.

என் ஆச்சி பிடியரிசி எடுப்பாள். தெற்கே பல வீடுகளில் இருந்த பழக்கம்தான். உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போடுவது, மாதக் கடைசியில் அதை ஆலயத்துக்குக் கொண்டுபோவது. ஆச்சிக்கு இதில் ஒரு விதி இருந்தது. அரிசியை முதலில் உழக்கால் அளந்து சுளகில் கொட்டிவிடவேண்டும், அதிலிருந்துதான் பிடி எடுக்கவேண்டும். மூட்டையிலிருந்து நேரே எடுத்துவிட்டுப் பிறகு அளந்தால் அது செல்லாது. "மூடையில எடுத்தா மூடைக்குத்தாம்ல தெரியும்" என்பாள். அளந்ததில் ஒரு பிடி குறைந்தால்தான் அன்றைக்குச் சோறு ஒரு பிடி குறையும்.

சின்ன வயதில் இதை ஞாயிறு பள்ளியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு பிடி யார் தட்டில் குறைந்தது என்று அப்போது யோசித்ததில்லை. தாத்தா தட்டில் குறையவில்லை, எங்கள் தட்டிலும் குறையவில்லை. கடைசியில் பானையைச் சுரண்டிச் சாப்பிட்டவள் அவள். அவளாவது தன் பங்கிலிருந்துதான் கொடுத்தாள். வீட்டில் எத்தனை பேரின் பக்தி அவள் பங்கிலிருந்து போனது என்பது வேறு கணக்கு.

விதவையின் இரண்டு காசை ஏழைக்குப் பாடமாக எடுப்பது

காணிக்கைப் பிரசங்கத்தில் அதிகம் அடிபடும் பகுதி மாற்கு 12:41-44. அநேகமாக 41-ல் ஆரம்பிப்பார்கள். அதற்கு முந்தின வசனத்தை வாசித்துப் பாருங்கள். விதவைகளின் வீடுகளைப் பட்சித்துவிட்டு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களைப் பற்றி இயேசு எச்சரித்துவிட்டு, அந்தப் பேச்சு முடிந்த கையோடுதான் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்காருகிறார். அங்கே ஒரு விதவை வருகிறாள், தன் ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததெல்லாம் போடுகிறாள். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தில், இந்த ஆலயம் கல்லின்மேல் கல் இராதபடி இடிக்கப்படும் என்கிறார். மூன்றையும் சேர்த்து வாசித்தால் அந்த இரண்டு காசில் மெச்சுதல் மட்டுமா தெரிகிறது? ஒரு வேதனையும் தெரிகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எப்படி வாசித்தாலும் ஒன்று நிச்சயம். அவர் அவளைக் காட்டியது சீஷர்களுக்கு. "நீயும் இப்படிப் போடு" என்று இன்னொரு ஏழையிடம் சொல்லவில்லை. பீடி சுற்றிப் பிழைக்கிற அக்காவிடம் இந்த வசனத்தை வாசித்துக் காட்டிக் கட்டட நிதிக்கு ரசீது கிழிப்பது விதவையைப் பாராட்டுவது ஆகாது, அது 40-ம் வசனத்துக்காரர்களின் வேலை.

பவுல் கொரிந்து சபையிடம் எருசலேம் ஏழைகளுக்காகக் காணிக்கை கேட்கும்போது எவ்வளவு ஜாக்கிரதையாக எழுதுகிறார் பாருங்கள். மற்றவர்களுக்குச் சகாயமும் "உங்களுக்கு வருத்தமும்" உண்டாகும்படி அல்ல, சமநிலை இருக்கும்படியாகவே சொல்லுகிறேன் என்கிறார் (2 கொரிந்தியர் 8:13). ஒருவனுக்கு இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்கிறார். அதே அதிகாரத்தில் மக்கெதோனியர் தங்கள் திராணிக்கு மிஞ்சிக் கொடுத்ததையும் சொல்கிறார். ஆனால் அவர்கள் தாங்களாகவே, மனதாரக் கொடுத்தார்கள். கைதூக்கச் சொல்லி எண்ணிக்கொண்டிருந்தவர் அங்கே யாரும் இல்லை.

"இப்படிக் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தால் தியாகம் எங்கே வரும்?" என்று கேட்பீர்கள். நியாயம். பெத்தானியாவில் ஒரு பெண் 300 பணத்துக்கு மேல் விலைபோகும் நளதம் என்ற வாசனைத் தைலப் பரணியை, அதாவது ஜாடியை, உடைத்து இயேசுவின் தலைமேல் ஊற்றினாள். ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி, அதாவது ஏறக்குறைய ஒரு வருஷக் கூலி. பக்கத்தில் இருந்தவர்கள் விசனப்பட்டு முறுமுறுத்தார்கள். "அவளை விட்டுவிடுங்கள்" என்றார் இயேசு. பரணி அவளுடையது, உடைத்ததும் அவளே. அங்கே நாம் வாயைத் திறக்கக்கூடாது.

விதை போடுகிறேன் என்பது

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆயிரம் போட்டால் லட்சம் வரும் என்று கொடுத்தால் அது காணிக்கை அல்ல, ஏலச்சீட்டு. மல்கியா 3:10-ல் வானத்தின் பலகணிகளைத் திறப்பேன் என்ற வாக்கை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். அதே வசனத்தில், "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி" என்று காரணம் சொல்லித்தான், தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கை, பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறது. பண்டசாலை என்றால் தானியக் களஞ்சியம். உபாகமம் 14-ன்படி மூன்றாம் வருஷத் தசமபாகம், சொந்த நிலமில்லாத ஆலய ஊழியனான லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் ஊருக்குள்ளேயே சாப்பிட்டுத் திருப்தியடைவதற்கு. நம் சபையின் வரவு செலவில் அந்த நாலு பேருக்கு என்ன போகிறது என்று பார்த்தால், நாம் எந்த மல்கியாவை வாசிக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

மிச்சத்தைக் கொடுப்பது, கேட்காமல் கொடுப்பது

2004 சுனாமிக்குப் பிறகு கடலோரச் சாலைகளில் பழைய துணி குவிந்து கிடந்தது. பொத்தான் இல்லாத சட்டை, கிழிந்த சேலை. கட்டின துணியோடு வீட்டை இழந்தவர்கள்கூட அதைத் தொடவில்லை. கண் ஊனமான ஆட்டைக் கொண்டுவருகிறீர்களே, அதை உன் அதிபதிக்குக் கொடுத்துப் பார் என்று மல்கியா முதல் அதிகாரத்தில் கேட்கிறார். நாம் அதிபதிக்குக் கொடுக்கமாட்டோம். வீட்டு அலமாரியைக் காலி பண்ணும் செலவு நமக்கு மிச்சம், அதை ஒதுக்கிக் கொளுத்தும் வேலை அவர்களுக்கு.

2023 டிசம்பர் 17 ஞாயிறும் மறுநாளும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். நாங்கள் சிலர் தண்ணீர் வடிந்த பிறகு ஒரு ஊருக்குப் போனோம். வண்டி நிறைய பிரெட், பிஸ்கட், தண்ணீர்ப் பாட்டில். முந்தின நாள் மூன்று வண்டி அதையேதான் கொண்டுவந்து இறக்கியிருந்தது. சேறு வழித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பிரெட்டு போதும்யா. மாட்டுக்கு வைக்கோல் இருக்கா?" என்றாள். அவள் கேட்டது அது ஒன்றுதான். எங்கள் வண்டியில் இல்லாததும் அதுதான். போகுமுன் ஒரு போன் செய்திருந்தால் தெரிந்திருக்கும். பிரெட்டை இன்னொரு ஊருக்குத் திருப்பிவிட்டு மறுநாள் வைக்கோலோடு போனோம். அப்போதும் கூட வந்த தம்பி ஒருவன் வைக்கோல் கட்டைப் பிடித்தபடி அந்த அம்மாவைப் போட்டோவுக்கு நிற்கச் சொன்னான். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியாவை இந்த இடத்தில் நினைக்காமல் முடியாது. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமாயிருந்தவர். வெளிநாட்டுப் பணம் இல்லாமல், நம் ஆள், நம் காசு, நம் நிர்வாகம் என்பது அதன் கொள்கை. பிறகு தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கே ஊழியத்துக்குப் போய், 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். 1910-ல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில், மேல்நாட்டு மிஷனெரிகளைப் பார்த்து அவர் பேசியது: ஏழைகளைப் போஷிக்க உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13-ஐ அவர்கள் முகத்துக்கு நேரே திருப்பி வாசித்தார். அவர்களுடைய தியாகத்தை அவர் மறுக்கவில்லை. மேலே நின்று கொடுக்கிற கையை மட்டும் கேள்வி கேட்டார். நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இன்று மலைக்கிராமத்துக்குக் கிறிஸ்துமஸ் கேக் கொண்டுபோகும் நாம்தான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய இடத்தில் இருக்கிறோம்.

ஊழியம், ஊழியம் என்று வீட்டை மறப்பது

பணத்தைவிட நேரத்தில் இந்தத் தவறு சுலபமாக ஒளிந்துகொள்ளும். வெள்ளி உபவாச ஜெபம், சனி வாலிபர் கூட்டம், ஞாயிறு காலை ஆராதனை, மாலை தெருப் பிரசங்கம். எனக்குத் தெரிந்த ஓர் அண்ணாச்சி ஆஸ்பத்திரி வார்டு வார்டாகப் போய் ஜெபிப்பார், அருமையான மனுஷன். அவர் மகன் பிளஸ் டூவில் என்ன குரூப் என்று கேட்டால் மனைவி முகத்தைப் பார்ப்பார். இதை ஊழியக்காரர் பிள்ளைகள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே நிறையச் சொல்வார்கள்.

இயேசு வீட்டுக்கு வந்தபோது பரிமாறுவதிலேயே அலைந்த மார்த்தாளைத் திட்டுவதற்கு லூக்கா 10-ஐப் பயன்படுத்துவதும் எனக்குப் பிடிக்காது. அவள் பரிமாறினதில் குற்றமில்லை, அநேக காரியங்களைக் குறித்துக் கவலைப்பட்டுக் கலங்கினதைத்தான் இயேசு சொன்னார். நம் சபையில் கன்வென்ஷன் நாளில் பிரசங்கத்தையே கேட்காமல் பின்கட்டில் வெங்காயம் உரிக்கும் பெண்களை, அடுத்த வருஷமாவது ஒரு இரவு உட்காரவைத்துவிட்டு ஆண்கள் உரிக்கலாம்.

பெயர், ஏலம், ரசீது

டியூப்லைட்டில் உபயம் எழுதி வெளிச்சத்தைப் பாதி மறைப்பது பழைய கேலி. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்ற மத்தேயு 6-ஐச் சொல்லி அதையே திரும்பத் திரும்ப அடிக்க விருப்பமில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் 3,000-க்குப் போவதில் ஒரு குதூகலம் இருக்கிறது, அது எனக்கும் பிடிக்கும். ஏலம் விடுகிறவர் மைக்கில், "என்னண்ணே, போன வருஷம் சேவலையே எடுத்தீங்களே" என்று ஒருவரைப் பெயர் சொல்லி இழுக்கும்போதுதான் கெட்டுப்போகிறது. அந்த வருஷம் அவருக்கு வியாபாரம் எப்படி என்று யாருக்குத் தெரியும்?

கணக்குக் கேட்பது விசுவாசக் குறைவு என்று நினைப்பதும் தவறு. பவுல் எருசலேம் ஏழைகளுக்கான அந்தத் தர்மப்பணத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்கு, சபைகள் தெரிந்துகொண்ட ஆட்களையும் கூட அனுப்பினார், கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்றார். ரசீது வாங்குங்கள். வருடாந்தரக் கூட்டத்துக்குப் போங்கள். வரவு செலவு வாசிக்கும்போது டீக்கு எழுந்து போகாதீர்கள்.

யாத்திராகமம் 36-ல் ஒரு காட்சி இருக்கிறது, காணிக்கை ஞாயிறுகளில் அதை வாசித்து நான் கேட்டதில்லை. வனாந்தரத்தில் ஆராதனைக்காகக் கட்டின ஆசரிப்புக்கூடாரத்துக்கு ஜனங்கள் காலைதோறும் காணிக்கை கொண்டுவந்துகொண்டே இருந்தார்கள். வேலைக்காரர்கள் மோசேயிடம் வந்து, வேண்டியதற்கு அதிகமாகவே வருகிறது என்றார்கள். இனி ஒருவரும் கொண்டுவரவேண்டாம் என்று மோசே பாளயமெங்கும் கூறச்சொன்னார். நான் கமிட்டியில் இருந்த வருஷங்களில் நாங்கள் ஒரு ஞாயிறுகூடப் "போதும்" என்று அறிவித்ததில்லை. முதலில் ஆலயத் தரைக்கு டைல்ஸ் பாக்கி இருந்தது. டைல்ஸ் முடிந்ததும் ஏசி வந்தது.