தட்டைக் காட்டுமுன் காப்புரிமை விண்ணப்பத்தைக் கொடுங்கள்

அட்டன் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில் நான் பிட்டர். ரோலரிலிருந்து கட்டியாக விழும் கொழுந்தைப் பிரிக்கச் சல்லடைக்கடியில் ஒரு சாய்தட்டு மாட்டினேன். பெருமையில் வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். ஆறே மாதத்தில் பக்கத்துத் தோட்டத்திலும் அதே தட்டு! எனக்கு ஒரு பிளேன்டீ கூடக் கிடைக்கவில்லை.

கொழுந்தை உலர்த்தும் எங்கள் பழைய டிரையரின் தகட்டில் ‘சிரோக்கோ’ என்றிருக்கும். அது அசாமில் தோட்டம் பார்த்த டேவிட்சனின் பெயர்ச்சின்னம். அவர் தன் டிரையருக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) எடுத்து, 1881இல் பெல்பாஸ்டில் தொழிற்சாலையே தொடங்கினார். ஒரு தாள், எத்தனை பேருக்கு வேலை!

சரி, வழிக்கு வருவோம். விண்ணப்பம் கொழும்பில், தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில். புதிதா, தொழில் தெரிந்தவனுக்கே சட்டென்று தோன்றாததா, தொழிலில் பயன்படுமா என்று பார்ப்பார்கள். எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று எழுதும் பகுதியில்தான் உயிர். அங்கே விட்டது விட்டதுதான். காப்பு 20 வருடம், இலங்கைக்குள் மட்டும். இந்தியாவிலும் வேண்டுமா? கொழும்பில் கொடுத்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் அங்கேயும் கொடுங்கள்.

அப்புறம், நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். வேலை நேரத்தில் செய்த தட்டு யாருடையது என்பது அதில் இருக்கலாம்.