போன் இணைகிறது, டிவி இணையவில்லை: வைஃபை சிக்கலை எங்கிருந்து பிடிப்பது

ஒரு சாதனம் வீட்டு வைஃபையில் இணையவில்லை என்றதும் நாம் எல்லோரும் முதலில் செய்வது ரௌட்டரை அணைத்துப் போடுவது. அதில் தப்பில்லை, பல நேரம் அதிலேயே சரியாகியும் விடும். சரியாகாதபோதுதான் பிரச்சினை, அடுத்து என்ன என்று தெரியாமல் அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்போம். அதனால் முதலில் இணைப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். வைஃபை பெயரே பட்டியலில் வரவில்லையா, பெயர் வந்தும் உள்ளே விடவில்லையா, இல்லை உள்ளே விட்டும் இணையம் வரவில்லையா? மூன்றுக்கும் காரணங்கள் வேறு, ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு உதவாது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: மற்ற சாதனங்கள் ஓடுகின்றனவா? எதுவுமே ஓடவில்லை என்றால் சாதனத்தை நோண்டிப் பயனில்லை, ரௌட்டரில் இணைய விளக்கு சிவப்பாகவோ அணைந்தோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இணைப்பு தருபவரை அழையுங்கள். ஒன்று மட்டும் மக்கர் செய்கிறது என்றால், போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அந்தச் சாதனத்தை அதில் இணைத்துப் பாருங்கள். இணைந்தால் சாதனம் நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் ரௌட்டரோடுதான் அதற்கு ஒத்துப்போகவில்லை. ஐபோன் 12-இலும் அதற்குப் பிந்தைய மாடல்களிலும் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் ‘மேக்ஸிமைஸ் காம்பாட்டிபிலிட்டி’ என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்துவிட்டுச் சோதியுங்கள். ஏன் என்பது அடுத்த பத்தியில் புரியும்.

பெயரே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் அலைவரிசைதான் காரணம். பெரும்பாலான ரௌட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டில் ஒலிபரப்பும். ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக், பழைய பிரின்டர் போன்றவற்றில் பெரும்பாலானவை 2.4 மட்டுமே அறிந்தவை, 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் அவற்றின் கண்ணில் படவே படாது. ஐபோனில் அந்த வசதியை ஆன் செய்யச் சொன்னதும் ஹாட்ஸ்பாட் 2.4-இல் வரத்தான். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் (பிரவுசரில் தட்ட வேண்டியது பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, சரியான முகவரி ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்) 2.4 ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே சேனலையும், அதாவது அந்த அலைவரிசைக்குள் எந்தத் தடத்தில் ஒலிபரப்புகிறது என்பதையும் பாருங்கள். 2.4-இல் 12, 13-ஆம் சேனல்களைச் சில சாதனங்கள் தேடுவதே இல்லை, 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றை வைத்துவிட்டால் அந்தத் தொல்லை கிடையாது. 5 கிகாஹெர்ட்ஸிலும் இதே கதை உண்டு: 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடாருக்கு வழிவிட வேண்டியவை, சில டிவிகள் அவற்றை ஆதரிப்பதில்லை. 36 முதல் 48-க்குள் மாற்றிப் பாருங்கள். புதிதாக வைஃபை 6 ரௌட்டர் வாங்கிய பிறகு பழைய லேப்டாப்பில் மட்டும் பெயர் காணாமல் போனதா? அதன் வைஃபை டிரைவரை (வைஃபை பாகத்தை இயக்கும் மென்பொருள்) அப்டேட் செய்யுங்கள். பழைய இன்டெல் டிரைவர்களில் இது தெரிந்த கோளாறு.

பெயர் தெரிகிறது, பாஸ்வேர்ட் தப்பு என்கிறது. முதலில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, அப்புறம் ஓ-வா பூஜ்யமா. டிவி ரிமோட்டில் தட்டும்போது இது நிறையவே நடக்கும், எழுத்துகளைக் காட்டு என்ற வசதி இருந்தால் ஆன் செய்துகொண்டு தட்டுங்கள். ரௌட்டரை மாற்றிவிட்டுப் பழைய பெயரையே வைத்து, பாஸ்வேர்டை மட்டும் புதிதாக வைத்திருந்தால் சாதனம் பழையதையே அனுப்பிக்கொண்டிருக்கும். நெட்வொர்க்கை ‘ஃபர்கெட்’ செய்துவிட்டு மறுபடி சேருங்கள்.

பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் ‘கனெக்டிங்’ என்று சுற்றிக்கொண்டே இருந்தால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது பாதுகாப்பு முறை மீதுதான். அந்த முறைகளில் புதியதான டபிள்யூபிஏ3 வந்தது 2018-இல், அதற்கு முந்தைய சாதனங்கள் பலவற்றுக்கு அது புரியாது. ரௌட்டரில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையை வையுங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் டபிள்யூபிஏ2 மட்டும். ஆனால் ஒரு பழைய பிரின்டருக்காகப் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்துபோடுவதெல்லாம் வேண்டாம். ரௌட்டரில் மேக் முகவரி (ஒவ்வொரு சாதனத்துக்கும் உரிய அடையாள எண்) வடிகட்டி போட்டு, பட்டியலில் உள்ளவற்றை மட்டும் உள்ளே விடுபவர்களுக்கு இன்னொன்று: ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியைக் காட்டாமல் ஒரு மாற்று முகவரியோடு வருகின்றன, பட்டியலில் இல்லாத முகவரி என்று ரௌட்டர் வாசலிலேயே நிறுத்திவிடும்.

ஸ்மார்ட் பல்பு, பிளக் வகையறா தனி ரகம். முதல்முறை செட்டப் செய்யும்போது அவற்றில் பல தாமே ஒரு சின்ன வைஃபையை உருவாக்கும், உங்கள் போன் அதில் சேர்ந்து வீட்டு பாஸ்வேர்டை அதற்குச் சொல்லித்தர வேண்டும். அந்தச் சின்ன வைஃபையில் இணையம் இருக்காது, போனோ இணையம் இல்லை என்று நினைத்துக்கொண்டு தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், செயலி பாதியில் திகைத்து நிற்கும். ஆகவே செட்டப் முடியும் வரை மொபைல் டேட்டாவையும் விபிஎன்னையும் அணைத்துவையுங்கள், இணையம் இல்லை, இதிலேயே இருக்கட்டுமா என்று போன் கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள், ஆண்ட்ராய்டில் செயலிக்கு லொகேஷன் அனுமதியும் கொடுங்கள். அதன் பிறகும் சேரவில்லையா? 5 கிகாஹெர்ட்ஸைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டுச் செய்து பாருங்கள், பல்பு சேர்ந்ததும் திரும்ப ஆன் செய்துகொள்ளலாம். விருந்தினர் வைஃபையில் பல்பைச் சேர்ப்பவர்களும் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் அந்த வைஃபை பெரும்பாலும் மற்ற சாதனங்களோடு பேச விடாது, பிரின்டரை அதில் போட்டுவிட்டு லேப்டாப்பில் தேடினால் கிடைக்காது.

கடைசி வகை: இணைந்திருக்கிறது, இணையம் மட்டும் இல்லை. சாதனத்தின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதற்கு ரௌட்டர் தரும் எண்) பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரௌட்டர் முகவரியே தரவில்லை, சாதனம் தானாக ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் எப்போதோ கையால் ஐபி கொடுத்திருந்தால் அதைத் தானியங்கிக்கு மாற்றுங்கள். சாதனங்கள் நிறைய உள்ள வீட்டில் ரௌட்டர் ஒதுக்கிய முகவரிகளே தீர்ந்துபோயிருக்கலாம், ரௌட்டரின் டிஹெச்சிபி (முகவரிகளைத் தானாக ஒதுக்கும் வசதி) பக்கத்தில் எல்லையைக் கூட்டுங்கள். ஐபி சரியாக இருந்தும் தளங்கள் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ்ஸை (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் சேவை) 1.1.1.1 அல்லது 8.8.8.8 ஆக்கிப் பாருங்கள். பல நாள் அணைந்து கிடந்த டிவி, டேப்லெட் என்றால் தேதியையும் கவனியுங்கள், தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது என்று நினைத்து ஒன்றையும் திறக்காது.

மறுபடி போடுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரிமோட்டில் அணைத்தால் டிவி தூங்கத்தான் செய்யும், பிளக்கைப் பிடுங்கி அரை நிமிடம் விட்டுச் செருகுங்கள். மோடம் தனியாக இருந்தால் முதலில் அது, அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரௌட்டர். பின்பக்கம் ஊசியால் குத்தும் ரீசெட் ஓட்டை மட்டும் வேறு விஷயம். அது எல்லா அமைப்புகளையும் துடைத்துவிடும், உங்கள் இணைப்புக்கு யூசர்நேம், பாஸ்வேர்ட் தேவை என்றால் அதுவும் போய்விடும், அப்புறம் வீட்டில் ஒரு சாதனமும் ஓடாது. அந்த இரண்டையும் எழுதி வைத்துக்கொண்ட பிறகே ஊசியை எடுங்கள்.