மூன்று முறை வாங்கிய ஒரே நாவல்

ஒரே துப்பறியும் நாவலை மூன்றாவது முறை வாங்கி வந்த அன்றுதான் வீட்டிலுள்ள புத்தகங்களுக்குப் பட்டியல் போட உட்கார்ந்தேன். மொழிபெயர்ப்பு நாவல் அது. ஒவ்வொரு பதிப்பிலும் ஒரு பெயர். அதனால் மொழிபெயர்ப்பு என்றால் மூலத் தலைப்பையும் கட்டாயம் எழுதி வையுங்கள்.

அலமாரியை மொத்தமாகக் கலைக்காதீர்கள். நான் கலைத்தேன், இரண்டு வாரம் கட்டிலில் படுக்க இடமில்லை. ஒரு நாளைக்கு ஒரு தட்டு போதும்.

எக்செல் தாளில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பு ஆண்டு, வகை, எந்தத் தட்டு. ஆசிரியர் பெயரில்தான் சிக்கல்: இனிஷியல் முன்னாலா பின்னாலா, புனைபெயரா இயற்பெயரா? ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாற்றாமல் இருங்கள். ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) இருந்தால் அதையும் சேருங்கள். 2007 முதல் அது 13 இலக்கம், அதற்கு முன் 10. ரொம்பப் பழைய புத்தகங்களில் அந்த எண்ணே இருக்காது.

வகை பிரிக்க, பாடவாரியாக எண் கொடுத்துப் பிரிக்கும், 1876இல் வந்த டூயி முறை நூலகத்துக்குச் சரி, வீட்டுக்கு அதிகம். நீங்கள் எப்படித் தேடுவீர்களோ அப்படிப் பிரியுங்கள். என்னிடம் துப்பறியும் கதை, பயணம், வாழ்க்கை வரலாறு, அப்புறம் ‘தூக்கம் வராத இரவு’ என்று ஒன்று. அதில் பாதி பேய்க்கதை. ஏன் என்று கேட்காதீர்கள்.

பட்டியலில் புத்தகத்தின் வரிசை எண்ணை முதல் பக்க மூலையில் பென்சிலால் எழுதுங்கள். செலோடேப் வேண்டாம், நாளானால் பசை காய்ந்து தாளில் பழுப்புக் கறை விழும். கடைசியாக ‘இரவல்’ என்று ஒரு கட்டம்: யாரிடம், எந்தத் தேதி. எனக்கு இப்போது அதில் பதினொரு வரி இருக்கிறது.