புல் சைலேஜ் தின்னும் மாட்டுக்கு எவ்வளவு புண்ணாக்கு போதும்?

பால் குறைந்தால் உடனே புண்ணாக்கைக் கூட்டுவோம். கோ-4 (கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்) சைலேஜ், அதாவது காற்றுப் புகாத குழியில் புளிக்கவைத்த பசுந்தீவனம், போடும் மாட்டுக்கு அந்தக் காசு பெரும்பாலும் கோமியத்தில்தான் போய்ச் சேரும்.

காரணம் இதுதான். குழியில் ஊறும்போதே புல்லின் புரதத்தில் பெரும்பங்கு சிதைந்துவிடுகிறது. மாட்டின் முதல் வயிற்றில் அது சட்டென்று அம்மோனியாவாகும். அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைத் திரும்பப் புரதமாக்க மாவுச்சத்து வேண்டும். அதே நேரத்தில் அது கிடைக்காவிட்டால் அம்மோனியா ரத்தத்தில் கலந்து, ஈரலில் யூரியாவாகி வெளியேறிவிடும்.

படி 1: குழியில் போடும் முன்
45–50 நாளில் அறுத்த புல்லை வாடவிட்டு நறுக்குங்கள். ஒரு கைப்பிடியை இறுக்கிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. 100 கிலோவுக்கு 2–3 கிலோ மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) தெளித்து, காற்றுப் போக மிதித்து மூடுங்கள்.

படி 2: கணக்கு
400 கிலோ எடையுள்ள, 10 லிட்டர் கறக்கும் கலப்பின மாடு என்று வைத்துக்கொள்வோம். புரதம் தோராயமாக:

- சைலேஜ் 25 கிலோ: 600 கிராம்
- மக்காச்சோளக் குருணை 2.5 கிலோ: 225 கிராம்
- கடலைப் புண்ணாக்கு 1 கிலோ: 420 கிராம்
- தவிடு 1 கிலோ: 140 கிராம்

மொத்தம் 1,385 கிராம். இந்த மாட்டின் தேவை சுமார் 1,220 தான். 10 லிட்டர் பாலில் வருவது 320 கிராம், அதாவது 23 சதவீதம். நல்ல தீவனத்திலும் 25, மிஞ்சினால் 30 சதவீதம்தான் பாலுக்கு வரும். இதில் இன்னொரு கிலோ புண்ணாக்கைச் சேர்த்து, பாலும் ஏறவில்லை என்றால் 18 சதவீதத்துக்கு இறங்கிவிடும்!

படி 3: கொடுக்கும் முறை
ராத்திரி ஊறவைத்த புண்ணாக்கை விடியற்காலையில் தண்ணீரோடு மொத்தமாகக் காட்டும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. சைலேஜ் மாட்டுக்கு அது வேண்டாம். குருணை, தவிடு, புண்ணாக்கு மூன்றையும் சைலேஜோடு பிசிறி, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள். அரைக் கிலோ கடலைப் புண்ணாக்குக்குப் பதில் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு வைத்தால் இன்னும் நல்லது; அது முதல் வயிற்றில் மெதுவாகத்தான் கரையும். அப்புறம், குருணையை ஒரேயடியாகக் கூட்டாதீர்கள், வயிறு புளித்துவிடும். 7–10 நாளில் சிறிது சிறிதாக.

படி 4: சரிபார்ப்பு
பால் யூரியா நைட்ரஜன் (பாலில் உள்ள யூரியாவைக் காட்டும் அளவு) டெசிலிட்டருக்கு 8–14 மில்லிகிராம் இருந்தால் போதும். பரிசோதனை வசதி இல்லையா? புண்ணாக்கைக் கால் கிலோ குறைத்து இரண்டு வாரம் பால் அளவை எழுதி வாருங்கள். குறையவில்லை என்றால் அப்படியே விடுங்கள். குறைந்தால் பழையபடி வையுங்கள்.